நோட்டில் ஏறாத பதினெட்டு மாதங்கள்

2025 ஜூன் 1, ஞாயிறு

பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் குப்பென்று வந்தது. அது இருந்தும் முதல் நோட்டை ராமபாணப் பூச்சி விடவில்லை. அட்டையில் ஊசி முனையளவு ஓட்டை. பக்கத்தைப் புரட்டப் புரட்ட அதுவும் கூடவே வருகிறது, 1992 வரைக்கும். "ஒரு புளியம" என்று ஒரு வரி, அப்புறம் ஓட்டை, அப்புறம் "தின் கதை". பிரில் மையில் எழுதியது, ஈரம் பட்ட இடங்களில் ஊதாவாகப் பரவியிருக்கிறது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் கட்டி வைத்தேன்.

1989-ல், பத்தொன்பது வயதில், கிளை நூலகத்தில் உறுப்பினரான வாரம் ஆரம்பித்த நோட்டு இது. எடுத்த புத்தகத்தையே மறந்துபோய் மறுபடி எடுத்து வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன். முடித்த தேதி, தலைப்பு, ஆசிரியர், எங்கே கிடைத்தது, கடைசியில் ஒரு வரி. "நூ" என்றால் நூலகம், "சொ" சொந்தம், "இ" இரவல். இன்றுவரை அதே கட்டங்கள்தான்.

2025 ஜூன் 3, செவ்வாய்

வீட்டு வரி கட்டினேன். ரசீதில் நூலக வரி தனியாக இருக்கிறது. 1948-ல் மதராஸ் மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தால் வந்த வரி. என் நோட்டில் "நூ" போட்ட ஒவ்வொரு வரிக்கும் இந்த ஊரில் வீடு வைத்திருக்கும் யாரோ காசு கட்டியிருக்கிறார்கள். மனம் நிறைந்து கட்டுகிற வரி இது ஒன்றுதான்.

2025 ஜூன் 8, ஞாயிறு

எண்ணி முடித்தேன். 1,143. பொன்னியின் செல்வனை ஐந்து பாகம் என்று ஐந்தாக எழுதாமல் ஒன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு அது ஒரே கதைதானே. மறுபடி படித்ததை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணில் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை, ஏனென்றால் படிப்பவள் மாறியிருக்கிறாள்.

பூச்சி அரித்த அதே நாவல், சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை, மூன்று இடத்தில் வருகிறது. 1991: "தாமோதர ஆசான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்." 2003: "மரத்தைக் கொன்றது ஒருத்தன் இல்லை." 2019: "எங்கள் தெரு வேம்பை வெட்டிய நாள். நாலு பக்கத்துக்கு மேல் போகவில்லை, ஒரு வாரம் கழித்து முடித்தேன்." மூன்றாவது வரியைப் படித்ததும் அந்த வேம்பின் அடிமரமும் அதில் ஆணியடித்து மாட்டியிருந்த டியூஷன் போர்டும் கண்ணுக்குள் வந்தன. நாவலைப் பற்றி ஒன்றுமே சொல்லாத வரி. ஆனாலும் மூன்றில் அதுதான் எனக்கு நெருக்கம்.

டார்வின் 1838-லிருந்து 1860 வரை படித்தவை, படிக்க வேண்டியவை என்று இரண்டு பட்டியல் வைத்திருந்தார். படிக்க வேண்டியவற்றை நான் எழுதி வைப்பதில்லை. நோட்டில் ஏறுவது முடித்த புத்தகம் மட்டும்தான்.

2025 ஜூன் 11, புதன்

மகள் வந்திருக்கிறாள். "அம்மா, மொத்தத்தையும் எக்ஸலில் ஏத்திடலாம், பூச்சி வராதுல்ல" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் வாசிக்க, அவள் தட்டச்சு செய்தாள். மூன்றாவது நோட்டுக்கு வந்ததும் கை நின்றது. "2009 ஜூலைக்கு அப்புறம் நேரா 2011 பிப்ரவரி. பக்கம் கிழிஞ்சிருக்கா?"

கிழியவில்லை. அந்த ஆகஸ்டில்தான் என் அம்மா எங்களோடு வந்து இருந்தார். கண் அழுத்த நோயில் பார்வை போய்விட்டது. ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அதை நான் படித்ததாகவே நினைக்கவில்லை. அம்மாவுடைய புத்தகம், நான் வெறும் குரல். அதனால் ஒன்றையும் எழுதவில்லை.

"நீ படிச்சதுதானே அம்மா அது" என்றாள். இத்தனை வருஷம் எனக்குத் தோன்றாத விஷயம்.

2025 ஜூன் 15, ஞாயிறு

அம்மாவுக்கு வாசித்தவற்றைத் தேடி நோட்டில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தோம். நூலகத்திலிருந்து எடுத்து வாசித்தவை போனவைதான். சொந்தப் புத்தகங்களில் மட்டும் ஒரு தடயம் உண்டு. ஒவ்வொரு ராத்திரியும் நிறுத்திய இடத்தில் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டுவிடுவேன், மறுநாள் தேட வேண்டாம் என்று. காலையிலிருந்து அலமாரியை இறக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினோம். டிக் போட்டவை பதினொன்று கிடைத்தன.

தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் நாவலில் முதல் டிக் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. பெற்ற தாய்க்கு, கணவன் இருக்க இன்னொருவனோடு பழகும் தாயான அலங்காரத்தின் கதையை எப்படி வாசிப்பது என்று கூச்சப்பட்டு அன்றைக்கு நிறுத்தியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஏன்டி நிறுத்திட்ட, தொண்டை கட்டிடுச்சா?" என்றார். அடுத்தடுத்த ராத்திரிகளில் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அலங்காரம் காசிக்குக் கிளம்பி, புத்தகம் முடிந்து, நான் விளக்கை அணைத்த பிறகு இருட்டில் அவர் குரல் வந்தது: "அவ போயிருக்க வேண்டாம்." அவ்வளவுதான். அந்த நாவலைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். அந்த மூன்று சொல் எதிலும் இல்லை.

2025 ஜூன் 22, ஞாயிறு

கோபல்ல கிராமம் மெலிந்த புத்தகம், இரண்டு உட்காரலில் முடித்துவிடலாம். இதில் இருபத்தாறு டிக் இருக்கிறது. சில டிக்குகளுக்கு நடுவே அரைப் பக்கம்கூட இல்லை.

அம்மா பிறந்தது கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில். இந்த நாவலை எழுதிய கி.ரா.வின் ஊரான இடைசெவலும் அந்தப் பக்கம்தான். ஒரு பத்தி வாசித்தால் போதும், "இரு, இரு" என்று ஆரம்பித்துவிடுவார். நூறு வயது தாண்டிய மங்கத்தாயாரு வரும் இடத்தில் தன் அப்பத்தாவைப் பற்றி இரண்டு ராத்திரி பேசினார். பருத்தி வெடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்ட வருஷம், கம்மங்கஞ்சிக்குத் தொட்டுக்கொண்ட வெங்காயம், கிணற்றடியில் நடந்த சண்டை என்று போகும். அதையெல்லாம் அன்றைக்கே எழுதி வைத்திருக்க வேண்டும். பாதி போய்விட்டது. டிக் நெருக்கமாக விழுந்திருக்கும் பக்கங்களை இன்று மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அங்கங்கே ஒரு துண்டு மேலே வந்தது. அவள் போனில் பதிவு செய்துகொண்டாள்.

2025 ஜூன் 29, ஞாயிறு

மூன்றாவது நோட்டில் 2009 ஜூலைக்கும் 2011 பிப்ரவரிக்கும் நடுவே நான்கு வரிதான் இடம் இருந்தது. அதனால் தனித்தாளில் பதினொன்றையும் எழுதி மைதா பசை தடவி ஒட்டினேன். தேதிக் கட்டத்தில் தெரிந்ததற்கு மாதம், தெரியாததற்கு வெறும் ஆண்டு. கிடைத்த இடத்துக்கு "நூ", "சொ", "இ" மூன்றோடு புதிதாக "செ" சேர்த்திருக்கிறேன். செவி. செவிச்செல்வம் என்று குறளில் இருப்பதுதான்.

அந்தப் பதினொன்றில் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி நாவலில் டிக் பாதிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. "இத்தனை ஊர் பேரு, ஆளு பேரு, எனக்குப் பிடிபடலடி, வேற வாசி" என்று அம்மாவே நிறுத்தச் சொன்னது. முடிக்காத புத்தகம் என் நோட்டில் ஏறாது. அதை எடுத்துவிட்டால் பத்து. ஒட்டிய தாளில் கடைசி வரியை அடித்துவிட்டு, மொத்தத்தை 1,153 என்று திருத்தினேன்.

கோபல்ல கிராமத்துக்கு எதிரே, கடைசிக் கட்டத்தில்: "2010 நவம்பர். இருபத்தாறு ராத்திரி. அப்பத்தாவின் பெயர் வீரம்மாள்."