சடக்கு

ஜூலை 6, திங்கள்
அம்மாவைப் பற்றி அண்ணனிடமிருந்து போன் இல்லை. நான்காம் ஆண்டுக் கட்டுரைகளைத் திருத்தினேன். ஒருவன், ‘அப்பா விடியக்காலை சடக்கில் நடந்து பெரட்டுக்குப் போவார்’ என்று எழுதியிருந்தான். சடக்கை வட்டமிட்டு ‘சாலை’ என்றேன். பெரட்டுக்குப் பதிலாக எதுவும் தோன்றவில்லை, கேள்விக்குறி போட்டேன்.

ஜூலை 7
மழை. போன் இல்லை.

ஜூலை 8, புதன்
தாளைக் கொடுத்தேன். “டீச்சர், எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்கு முன்னால இருக்கிறது சாலையா, சடக்கா?” கிண்டல் இல்லை, நிஜச் சந்தேகம். நானே ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்குப் போனவளின் மகள். கேள்விக்குறி போட்டிருக்கிறேன்!

ஜூலை 9, வியாழன்
வீட்டில் புழங்கும் சொல் ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கித்தா (ரப்பர்), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த ரப்பர் பால்), ஆயக்கொட்டகை (பிள்ளை பார்க்கும் கொட்டகை), கிராணி (தோட்டத்து எழுத்தர்). பலகை நிறைந்துவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகு பிறந்த பிள்ளைகள், ஒட்டுப்பாலைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஒரு பெண் மட்டும் மெதுவாக, “தெலுங்கு சொல்லலாமா டீச்சர்?” என்றாள். “நீள்ளு.” சிரித்தார்கள். பின் வரிசையில் ஒருவன், “டேய், நம்ம நீர்தான்டா அது!” என்றான். சிரிப்பு நின்றது.

கித்தா மலாய் ‘கெத்தா’விலிருந்து வந்தது என்றேன். “அப்போ தப்பா?” பாடநூலில் இருக்கும் மேசை, சன்னல், அலமாரி மூன்றும் போர்த்துகீசியம். மலாயிலும் மேஜா, ஜெண்டேலா, அல்மாரி. நம் கடை அங்கே கெடாய், கப்பல் காப்பால். எது யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டே மணி அடித்தது. அருமையான சண்டை.

ஆசிரியர் அறையில் ஒருவர், “பரீட்சையில கித்தான்னு எழுதினா மார்க்கு நீங்க தருவீங்களா?” என்றார். அவர் சொல்வதும் சரிதான். கதைக்குள் கிராணி பேசும்போது கித்தா, கதை சொல்பவன் எழுதும்போது ரப்பர் என்று பிரித்துக் காட்டலாம். சடக்கை எங்கே வைப்பது? இரவு முழுக்க அதே.

ஜூலை 11, சனி
தெலுக் இந்தான், அம்மாவைப் பார்க்க. கண் திறந்தார். மாலை மூன்று மணிக்கு, காலைச் சாப்பாட்டைக் கேட்பதுபோல், “பசியாறிட்டியா?”
“பெரட்டு எத்தனை மணிக்கும்மா?”
“அஞ்சரை. கிராணி பேர் கூப்பிடுவாரு. லேட்டானா வேலை இல்ல.” அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அண்ணன், ஏன் இப்போது இதையெல்லாம் கேட்கிறாய் என்றார்.

ஜூலை 12
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 13, திங்கள்
பையனிடமிருந்து தாளைத் திரும்ப வாங்கினேன். கேள்விக்குறியை அழித்தால் தாள்தான் கிழிகிறது. ஓரத்தில் ‘அஞ்சரை மணி, கிராணி பேர் கூப்பிடுவார்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன்.