சொண்டும் காலும் செட்டையும்

எங்கள் விலங்கியல் சேர் ஒரு பறவையின் பெயரை உடனே சொல்லமாட்டார். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுக் கரையில், செல்வச்சந்நிதி முருகன் கோவிலுக்குக் கொஞ்சம் அப்பால் எங்களை வரிசையாக நிறுத்திவிட்டு, "சொண்டு எப்பிடி? கால் என்ன நிறம்? பறக்கேக்க செட்டையில என்ன தெரிஞ்சது?" என்று கேட்பார். மூன்றுக்கும் விடை வந்த பிறகுதான் பெயர்.

எழுபதுகளில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்த நடைகள் நினைவிருக்கும். அங்குள்ள வெளிக்கள நிலையத்துக்குப் போனால் கண்டல் வேர், நண்டு, சிப்பி என்று பரீட்சைக்கு வேண்டியதைப் பார்த்து எழுதிக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். பறவைகளைச் சேர் தன் விருப்பத்தில் சேர்த்துக்கொண்டார். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல்நீரேரி நிறைய வந்தேறு பறவைகள். ஊசிவால் வாத்து, நீண்ட சொண்டுள்ள மூக்கான், பலவகை உள்ளான்கள், சில நாட்களில் தூரத்தில் பூநாரைகள். இருந்ததோ ஒரேயொரு தொலைநோக்கி. அது கைமாறி வருவதற்குள் பறவை போய்விடும். கமெரா யாரிடமும் இல்லை. ஆகவே பார்த்ததைக் கண்ணுக்குள் பிடித்து, பயிற்சிக் கொப்பியில் பென்சிலால் கீறிக் காட்டவேண்டும்.

கடந்த மாரியில் நம் பழைய மாணவர் சங்க நண்பர்கள் சிலர் குடும்பங்களோடு லண்டனின் கிழக்கு விளிம்பில் இருக்கும் ரெயினம் சதுப்பு நிலத்துக்கு நடக்கப் போனோம். ஒருகாலத்தில் இராணுவத்தின் சுடுபயிற்சித் திடலாக இருந்த இடம். 2000ஆம் ஆண்டில் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் அதை வாங்கி, 2006இல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் இருப்பவர்களுக்கு அதிக தூரமில்லை. பேர்ஃப்லீட் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம்.

நண்பர் ஒருவரின் மகள் நல்ல கமெராவோடு வந்திருந்தாள். ஆழமில்லாத தண்ணீரில் இரை தேடி நடந்த ஒரு பறவையைப் படம் எடுத்து, ஃபோன் செயலியிடம் கேட்டுவிட்டு, "மாமா, இது ரெட்ஷாங்க் எண்டு காட்டுது" என்றாள். நாங்கள் பவளக்காலி என்று படித்த அதே பறவை. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கால் செம்மஞ்சள், அதுவரை சரி. ஆனால் பவளக்காலியின் சொண்டு அடிப்பாதியில் சிவந்திருக்கும். இதன் சொண்டு முழுவதும் கருமை, அதைவிடக் கட்டை, நுனி சற்றே கீழ்நோக்கி வளைந்தது. முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய ஓரம், மீன் செதில் அடுக்கியதுபோல.

அடுத்த படம் பறவை எழும்பிப் பறந்தபோது எடுத்தது. மங்கலாக இருக்கிறதே என்று அதை அழிக்கப் பார்த்தாள். நான் தடுத்தேன், ஏனென்றால் விடை அதில்தான் இருந்தது. பவளக்காலி பறந்தால் செட்டையின் பின்னோரத்தில் அகலமான வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். இதில் அது இல்லை. செட்டையில் மெல்லிய வெள்ளைக் கோடு, வாலடியில் இருபுறமும் முட்டை வடிவில் வெள்ளை. பேதை உள்ளான்! சேரின் மூன்று கேள்விகளையும் அவளிடமே கேட்டு, விடைகளையும் அவள் வாயாலேயே வரவழைத்தேன். அன்று எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி பெரியது.

படம் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அழகாக நிற்கும் பறவையை மட்டும் எடுத்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். எழும்பும் தருணத்தையும் எடுங்கள், மங்கலானாலும் வைத்திருங்கள். வெள்ளைக் கொக்கை வெயிலில் எடுப்பதானால் ஒளியளவைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் இறகின் விவரம் ஒன்றும் விழாது. அப்புறம், இடத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். செயலி சொல்லும் பெயரைக் கடைசியாகப் பாருங்கள்.

அன்று மூக்கான்களும் கூட்டமாக நின்றன. பறக்கும்போது கறுப்பு வாலும் செட்டையில் அகன்ற வெள்ளைப் பட்டையும் தெரிந்தால் கருவால் மூக்கான்தான். பட்டைவால் மூக்கானுக்கு அந்த வெள்ளைப் பட்டை கிடையாது. இங்கிலாந்தில் மாரியைக் கழிக்கும் கருவால் மூக்கான்கள் பெரும்பாலும் ஐஸ்லாந்திலிருந்து வருகின்றன. நம்மூருக்கு வருபவை ஆசியாவின் வடபகுதிகளில் குஞ்சு பொரித்தவை. கறுப்புக் காலும் மஞ்சள் பாதமுமாகச் சின்னக் கொக்கு நடப்பதைப் பார்த்த ஓர் அம்மா, "உது எங்கட கொக்கெல்லே!" என்று நின்றுவிட்டார். ஊரில் வயலிலும் குளத்திலும் நாம் கண்ட அதே இனம்தான். பிரிட்டனில் அது முதன்முதலாகக் கூடுகட்டிக் குஞ்சு பொரித்தது 1996இல், டோர்செட்டின் பிரவுன்சீ தீவில். இன்று தேம்ஸ் கரையில் சாதாரணமாகக் காணலாம்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணமும் உண்டு. 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் நம் பாடசாலையிலிருந்து ஒருநாள் பயணத்துக்குள் இருக்கிறது. இப்போது படிக்கும் பிள்ளைகள் பலரின் கையில் கமெரா உள்ள ஃபோன் இருக்கிறது. குறைவது தொலைநோக்கிகளும், கூட்டிப்போக ஒரு பஸ்ஸும். இந்த ஆண்டு சங்க நிதியில் விஞ்ஞான மன்றத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்கினால், வரும் வாடைக்காலத்துக்குள் இரண்டையும் செய்துவிடலாம். தொலைநோக்கிகளை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.