வெங்காயம் போடாத சொதி

காலையில் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால், பம்பலப்பிட்டி வருவதற்குள் வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிடும். ஐந்து வருடமாக இதே கதை. காலி வீதியில் எந்தக் கடையில் கூச்சப்படாமல் டொய்லட் கேட்கலாம் என்று எனக்கு அத்துப்படி. மாதக் கடைசியில் ஒஃபிஸில் கணக்கு முடிக்கும் நாட்களில் இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமையில் அதே இடியப்பம், அதே சம்பல் ஒன்றுமே செய்யாது.

முதலில் பார்த்த டொக்டர் இரத்தம் சோதித்தார், குழாய் விட்டும் பார்த்தார். எல்லாம் நோர்மல். "உங்களுக்கு ஒண்டுமில்லை, சும்மா யோசிக்காதீங்கோ" என்றார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். ஒன்றுமில்லாமலா இரவு மூன்று மணிக்குச் சுருண்டு கிடக்கிறேன்?

இரண்டாவது டொக்டர்தான் ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome, எளிதில் கலங்கும் குடல் நோய்) என்று பெயர் சொல்லி, ஒரு தாளில் தலையையும் குடலையும் வரைந்து காட்டினார். குடல் சுவருக்குள்ளேயே 10 கோடிக்கு மேல் நரம்புக் கலங்கள் இருக்கின்றனவாம். தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஓடும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் வயிற்றிலிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. நான் யோசிப்பதால்தான் வயிறு கெடுகிறது என்றே அதுவரை நம்பியிருந்தேன். வயிறும் தலையைப் பதற வைக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மற்றவர்களுக்குத் தெரியாமலே போய்விடும் கொஞ்ச வாயு என் குடல் நரம்புக்கு வலியாகத் தெரிகிறது. அந்த வலியை எந்தக் குழாயாலும் படம் பிடிக்க முடியாது. (மலத்தில் இரத்தம் போனாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ அது வேறு விஷயம். உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.)

அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதித் தந்தார். "அது மனவருத்தத்துக்குக் குடுக்கிற குளிசையெல்லே?" என்று அம்மா பயந்தா. இவ்வளவு குறைந்த அளவில் அது குடல் நரம்பின் வலியைத் தணிக்கத்தான். குடித்து ஒன்றரை மாதத்தில் இரவு வலி பாதியாகக் குறைந்தது.

சாப்பாடுதான் பெரிய பாடு. சில வாரத்துக்கு வெங்காயம், உள்ளி, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். "வெங்காயம் இல்லாமல் சொதியா பிள்ளை?" என்று கேட்ட அம்மா, முழு வெங்காயத்தைப் போட்டுக் கொதிக்கவிட்டு, இறக்கும்போது எடுத்துவிட்டா. அன்றிரவும் வலி. வெங்காயத்தில் எனக்கு ஒத்துக்கொள்ளாத ஃப்ரக்டான் என்ற சர்க்கரை வகைச் சத்து தண்ணீரில் கரைந்து சொதியோடு சேர்ந்துவிடும். எண்ணெயில் கரையாது. அதனால் இப்போது உள்ளியை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில்தான் தாளிக்கிறா. வெங்காயத்துக்குப் பதிலாக லீக்ஸின் பச்சை இலை. அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி எனக்கு ஆகாது.

போன சனிக்கிழமை மார்க்கெட்டில் மரக்கறிக்காரர் வழக்கம்போல இலையை நறுக்கிவிடக் கத்தியை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டா. "வெட்டாதேங்கோ தம்பி, எனக்கு அந்தப் பச்சைதான் வேணும்."