ஆந்த்ரோத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

லட்சத்தீவின் ஆந்த்ரோத் தீவுக்குப் போகக் கொச்சியில் கப்பலேறிய இரவு முழுவதும் எனக்கு வாந்தி. உம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை நக்கியபடி, இந்தக் கடலில் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்து வந்த மனிதரை நினைத்துக்கொண்டேன்.

உபைதுல்லாஹ் அவுலியாதான் லட்சத்தீவுக்கு இஸ்லாத்தைக் கொண்டுவந்தவர் என்பது தீவு மக்களின் நம்பிக்கை. நபிகள் நாயகம் (ஸல்) மதீனாவில் அவருடைய கனவில் வந்து உத்தரவிட, ஜித்தாவில் கப்பலேறினார். கப்பல் உடைந்து அமினித் தீவில் ஒதுங்கினார். அங்கே எதிர்ப்பு வலுக்கவே ஆந்த்ரோத்துக்கு வந்தார். ஹிஜ்ரி 41, அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். ஆய்வாளர்கள் பலர் அவ்வளவு முந்திய காலத்தை ஏற்பதில்லை. அடக்கத்தலத்தைத் தரிசிக்க ஜியாரத்துக்குப் போகிறவன் ஆண்டுக்கணக்கா பார்ப்பான்?

ஜும்ஆ பள்ளியில் அதிகாலைத் தொழுகையான சுபுஹு தொழுதோம். இரண்டாம் ரக்அத்தில் இமாம் குனூத் என்ற துஆவை ஓதக் கை உயர்த்தினார். எங்கள் காயல்பட்டினத்தைப் போலவே இங்கும் ஷாஃபி மத்ஹபு என்ற சட்டப் பிரிவுதான். ஆமீன் சொன்னபோது ஊரில் வாப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. தொழுகை முடிந்து அவுலியாவின் கப்ரின் (அடக்கத்தின்) அருகில் யாசீன் ஓத உட்கார்ந்தேன். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்திலிருந்த பெரியவர் விட்ட இடத்திலிருந்து எடுத்து ஓதி முடித்தார்.

அவர் பேசியது தீவு மொழியான ஜெஸரி, நான் பேசியது தமிழ். இரண்டும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. இங்கே சொத்துக்கும் கிழமை உண்டாம். தறவாடு என்கிற தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின் சொத்து வெள்ளியாழ்ச்சைச் (வெள்ளிக்கிழமைச்) சொத்து. அதைப் பிரிப்பதில்லை, பெண்கள் வழியாகவே தொடரும். தானே சம்பாதித்தது திங்களாழ்ச்சைச் (திங்கட்கிழமைச்) சொத்து. அது ஷரீஅத்படி பங்காகும். மார்க்கத்தையும் விடவில்லை, மரபையும் விடவில்லை. எங்கள் ஊரிலும் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்றேன். பெரியவர் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார்.

அன்று இரவுத் தொழுகையான இஷா முடிந்ததும் அவர் டார்ச் விளக்கோடு புறப்பட்டார். இருப்பது சகோதரிகளோடு தறவாட்டில்; இரவில் மனைவி வீட்டுக்குப் போய்க் காலையில் திரும்புவாராம். கல்யாணமாகி ஐம்பது ஆண்டுகள். “நேரமாகிவிட்டது, காத்திருப்பாள்” என்று சொல்லிவிட்டுத் தென்னந்தோப்புக்குள் நடந்தார். என் ஸலாமுக்கு அவர் சொன்ன பதில் இருட்டுக்குள்ளிருந்துதான் கேட்டது.