பேராவூரணித் தோப்பில் பார்த்த காளான்

பட்டுக்கோட்டையில் பேருந்து மாறி, பேராவூரணிக்குப் பக்கத்தில் இருக்கும் மாமாவின் தென்னந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. கஜா புயல் 2018 நவம்பரில் சாய்த்ததுபோக மிஞ்சிய மரங்கள்தான் தோப்பில் நிற்கின்றன.

ஒரு மரத்தடியில் உள்ளங்கையைவிடப் பெரிதாக, தட்டுப்போல ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு காளான். மேலே வார்னிஷ் அடித்த மாதிரி செம்பழுப்புப் பளபளப்பு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு. பார்த்ததும் மணாலி ஞாபகம் வந்தது. அங்கே தேவதாருக் காட்டில், பட்டுப்போன ஊசியிலை மரத்தில் இப்படித்தான் ஒன்றைப் பார்த்தேன். ஓரத்தில் ஆரஞ்சுச் சிவப்புப் பட்டை ஓடும் ஃபோமிடாப்சிஸ் என்ற காளான் அது. அது தின்ற மரம் பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினாலே உதிர்ந்தது.

அதுவேதானோ என்று குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். குடைக்காளானில் இருக்கும் மடிப்புகள் இல்லை. ஊசி குத்தியது போல நுண்துளைகள். வெள்ளையாக இருந்த அந்தப் பரப்பில் நகத்தால் கீறினேன், கோடு பழுப்பாக மாறியது. பக்கத்துக் கீற்றில் கோகோ பொடி தூவியது போல வித்துகள் படிந்திருந்தன. சரி, இது கானோடெர்மா. இவ்வகைக் காளான்களை அடையாளம் காண, எந்த மரத்தில் முளைத்திருக்கிறது என்று முதலில் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மாமாவுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. "தஞ்சாவூர் வாடல், மாப்ள" என்றார். இந்தக் காளானால் தென்னைக்கு வரும் நோய் அது. 1952 புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் கண்டறிந்தது, அதனால்தான் அந்தப் பெயர். தண்டின் அடியில் செம்பழுப்புச் சாறு வடிந்து காய்ந்த தடத்தைக் காட்டினார். முதலில் வேர் அழுகும், அப்புறம் சாறு வடியும், அடிமட்டைகள் தொங்கும், குரும்பை கொட்டும். காளான் வெளியே தலைகாட்டும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். எனக்கு அழகாகத் தெரிந்தது அவருக்குச் சாவுச் செய்தி.

நோய் மண்ணிலும் வேரிலும்தான் பரவுகிறது. அதனால் மரத்துக்கு மரம் தண்ணீர் ஓடவிடாமல் தனித்தனி வட்டப்பாத்தி கட்டியிருக்கிறார். வருஷத்துக்கு மரத்துக்கு ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு வைக்கிறார். இந்த மரத்தைச் சுற்றி அன்றைக்குக் குழி வெட்டினோம். மண்வெட்டியில் வந்த வேர்கள் கருத்து, மெத்தென்று இருந்தன.

காளானை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன்.

"வேணாம் மாப்ள, போற வழியெல்லாம் தோப்புதான்" என்று கையிலிருந்து வாங்கி, எரிந்துகொண்டிருந்த மட்டைகளுக்கு நடுவே போட்டார்.