ஸ்மைலி திரும்ப வரும்போது

உளவு நாவலாசிரியர் ஜான் லெ காரே 2020-ல் மறைந்தபோது, அவர் படைத்த உளவாளி ஜார்ஜ் ஸ்மைலியும் அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 2024-ல் லெ காரேயின் மகன் நிக் ஹார்க்கவே புது ஸ்மைலி நாவலோடு வந்தார். கதை நடப்பது 1963-ல். எனக்கு ஆசையும் பயமும் சேர்ந்தே வந்தன.

ஸ்மைலி துப்பாக்கி தூக்கும் ஆள் இல்லை. டையின் அகலமான முனையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எதிராளியைப் பேசவிடுகிற மனுஷன். அந்த மௌனத்தை இன்னொரு கை எழுதிவிடுமா? விறுவிறுப்புக்காக அதைக் கெடுத்தால் என்னால் தாங்க முடியாது. ஹார்க்கவே அப்பாவின் குரலை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர் என்பதுதான் என் நம்பிக்கை. (ஜேம்ஸ் பாண்டைப் படைத்த ஃப்ளெமிங்குக்குப் பிறகு, 1968-லிருந்தே வேறு எழுத்தாளர்களும் பாண்ட் நாவல்கள் எழுதுவதால், பாண்ட் ரசிகர்களுக்கும் இதே தவிப்புதான்.)

இன்னும் நாவல்கள் வரட்டும். ஆனால் ஸ்மைலியை வீரனாக்கிவிடாதீர்கள். அந்தக் களைப்போடுதான் அவர் எனக்கு வேண்டும்.