சூடும் பிங்கும்: ஒரு பேக்கப் நாட்குறிப்பு

ஜூன் 3

இரவு 11 மணிக்கு, என் கோப்புகளைச் சுருக்கி இன்டர்நெட் வழியாக வெளியே அனுப்பும் பேக்கப் ஆரம்பித்ததும் கணினி ஃபேன்கள் அலறத் தொடங்குகின்றன. அதே நேரத்தில் வீட்டு இன்டர்நெட்டும் தடுமாறுகிறது. வீடியோ கால் உறைகிறது, இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கின்றன. வெப்பநிலையைக் காட்டும் சென்சார்ஸ் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் சிபியு 98 டிகிரி.

நண்பர்கள் குழுவில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: "சூடு தாங்காம மதர்போர்டுல இருக்கற நெட்வொர்க் சிப் தடுமாறுது. தெர்மல் பேஸ்ட்டை மாத்து." சிப்பின் சூட்டைக் குளிரூட்டிக்குக் கடத்த நடுவே பூசும் பசைதான் அது.

அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நெட்வொர்க் வேலை பார்ப்பவர், குழுவில் எல்லாருக்கும் அக்கா. "கால் உறைஞ்சது எந்த மெஷின்ல?" என்று கேட்டார். போனில், வைஃபையில் என்றேன். "அப்போ உன் மதர்போர்டு சூடானா போனுக்கு என்ன வந்தது?"

நல்ல கேள்வி. ஆனால் நண்பர்கள் அசரவில்லை. ரௌட்டர் கணினிக்குப் பின்னால்தான் இருக்கிறது, வெளியேறும் சூடான காற்று நேரே அதன் மேல் அடிக்கிறது, அதனால் ரௌட்டர்தான் திணறுகிறது என்று கோட்பாட்டைத் திருத்திக்கொண்டார்கள். எனக்கும் அது நம்பும்படிதான் இருந்தது.

ஜூன் 4

அக்கா சொன்னபடி இன்று எதையும் மாற்றவில்லை, அளப்பதற்கு மட்டும் ஏற்பாடு செய்தேன். சிபியு வெப்பநிலை, அதன் வேகம், ரௌட்டருக்கு ஒரு பிங் (சின்னச் செய்தி ஒன்றை அனுப்பிப் பதில் வர ஆகும் நேரம்), வெளியே உள்ள ஒரு சர்வருக்கு இன்னொரு பிங். நான்கும் விநாடிக்கு ஒரு தரம் கோப்பில் பதிவாகும்.

பிங் இரண்டாக இருப்பதில்தான் விஷயம். ரௌட்டருக்குப் போகும் பிங்கே தாமதமானால் கோளாறு வீட்டுக்குள். அது சரியாக இருந்து வெளியே போவது மட்டும் இழுத்தால், ரௌட்டரைத் தாண்டித் தேட வேண்டும். ரௌட்டரைக் கணினிக்குப் பின்னாலிருந்து நகர்த்தவும் கை துடித்தது. நகர்த்தவில்லை.

ஜூன் 5

பதிவுகளை வரைபடமாக்கிக் குழுவில் போட்டதும் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

முதலில் வெப்பம். சில விநாடிகளில் 42-லிருந்து 78 டிகிரிக்கு ஒரு தாவல். அதன் பிறகு மெல்ல மெல்ல ஏறி, இருபது நிமிடம் கழித்துத்தான் 98-ஐத் தொடுகிறது. அந்த இடத்தில் சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. இந்த வளைவின் வடிவத்தைப் பார்த்தே எங்கள் மூத்தவர் பேஸ்ட் இல்லை என்று சொல்லிவிட்டார். தண்ணீர்க் குளிரூட்டலை வருஷக்கணக்காக நோண்டுகிறவர்.

என் கணினியிலும் தண்ணீர்க் குளிரூட்டல்தான்: பம்ப் சுற்றவைக்கும் திரவம் சிப்பின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், அங்கே ஃபேன்கள் அதைக் காற்றில் விடும். அவர் விளக்கம் இது. பேஸ்ட் காய்ந்திருந்தாலோ, பம்ப் நின்றிருந்தாலோ சூடு சிப்பை விட்டே போகாது. சிப்புக்கும் அதன் மேலுள்ள செம்புத் தகட்டுக்கும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கொள்ளளவு குறைவு, ஆகவே விநாடிகளில் உச்சிக்குப் போயிருக்கும். இங்கே இருபது நிமிடம் ஆகிறது என்றால் வெப்பம் சிப்பைவிட்டுக் கிளம்பி திரவத்துக்குப் போய்விட்டது. திரவத்திலிருந்து காற்றுக்குத்தான் போக வழியில்லை. "ரெண்டு குழாயையும் தொட்டுப் பாரு தம்பி. ஒண்ணு கொதிச்சு இன்னொண்ணு சில்லுன்னு இருந்தா பம்ப். ரெண்டும் சூடா இருந்தா ரேடியேட்டர்."

இரண்டும் சூடு.

அடுத்து பிங். ரௌட்டருக்குப் போவது முழு நேரமும் 1 மில்லி விநாடிக்குள். சூடான காற்று ரௌட்டரை ஒன்றும் செய்யவில்லை, அந்தக் கோட்பாடு அதோடு தீர்ந்தது. வெளியே போவது பேக்கப் தொடங்கிய கையோடு 300 மில்லி விநாடியைத் தாண்டுகிறது. இதுவரை யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆனால் சிபியு 98-ஐத் தொட்டு வேகத்தைக் குறைத்ததும் பிங் தானாகவே சரியாகி 10-க்கு இறங்கிவிடுகிறது.

அதாவது கணினி மிகச் சூடாக இருக்கும்போதுதான் இன்டர்நெட் நன்றாக இருக்கிறது! சூட்டால் நெட் கெடுகிறது என்று வாதாடிக்கொண்டிருந்தோம், பதிவு நேர் எதிராகப் பேசுகிறது.

ஜூன் 7

ரேடியேட்டர் கேபினட்டின் முன்பக்கம் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் சுத்தம், வடிகட்டி வலையை நான் ஒழுங்காகக் கழுவுகிறேன். ஃபேன்களைக் கழற்றினால்தான் தெரிகிறது: ஃபேனுக்கும் ரேடியேட்டர் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி விரித்ததுபோல் ஒரே சீரான தூசிப் படலம். வலையைத் தாண்டும் நுண்தூசி தங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கழற்றாமல் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் படாது.

காற்றடித்துச் சுத்தம் செய்தேன். ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். காற்றின் வேகத்தில் கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் பேரிங் பாழாகும், மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் செய்யும்.

அதே பேக்கப், இப்போது உச்சம் 86 டிகிரி. வேகம் குறையவில்லை. பதிலுக்கு, எதிர்பார்த்தபடியே, பிங் கடைசிவரை மோசம்.

பேஸ்ட் கட்சிக்காரர்கள் இன்னும் விடவில்லை. பட்டாணி அளவா, பெருக்கல் குறியா, கத்தியால் தடவுவதா என்று இரவு முழுக்கச் சண்டை. என் அபிப்பிராயம்: சிப்பை முழுவதும் மூடினால் போதும், மிச்சத்தை அழுத்தம் ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஒன்றிரண்டு டிகிரிக்காக நட்பை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஜூன் 8

இன்று என் கணினிக்கு விடுமுறை. குழுவில் இருக்கும் கல்லூரித் தம்பி வீட்டில் கேம் சர்வர் வைத்திருக்கிறான், நண்பர்களால் வெளியிலிருந்து சேர முடியவில்லை. புதிதாக ஒரு ரௌட்டர் வாங்கி, சேவை நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் சொருகியிருக்கிறான். இரண்டுக்கும் முகவரி 192.168.1.1. இரு பக்கமும் ஒரே வலைப்பின்னலாக இருந்தால் எந்தப் பாக்கெட்டை (தரவுத் துண்டை) எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரௌட்டருக்கு எப்படித் தெரியும்? தன் ரௌட்டரை 192.168.50.1 ஆக மாற்றச் சொன்னோம். இன்டர்நெட் வந்தது, நண்பர்கள் வரவில்லை.

அக்கா பெட்டியின் வெளிப்பக்க முகவரியைப் பார்க்கச் சொன்னார். 100.72 என்று தொடங்கியது. 100.64.0.0-லிருந்து 100.127.255.255 வரை உள்ள முகவரிகள் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. வீட்டு ரௌட்டரில் எத்தனை போர்ட்டை (உள்ளே வரும் வாசலை) திறந்தாலும் வெளியிலிருந்து கதவு கிடையாது. பொது முகவரிகள் ஏராளமாக உள்ள புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் அதில் போகலாம். இல்லையென்றால் வெளியே ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற மென்பொருளால் ஒரு சுரங்கம், அதாவது தனி இணைப்பு, போட வேண்டும். தம்பி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான், சாயங்காலமே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 10

பேக்கப் ஏன் சிபியுவை இவ்வளவு வாட்டுகிறது என்று மூத்தவர் கேட்டார். பார்த்தால் சுருக்குவதற்கு இசட்ஸ்டாண்டர்டு, அதுவும் உச்ச நிலையான 22-இல் இருக்கிறது. என் கோப்புகளில் பெரும்பகுதி புகைப்படங்கள். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவம், அதை மறுபடி பிழிந்தாலும் சொட்டுத்தான் வரும். வழக்கமான நிலையான 3-க்கு மாற்றினேன். பேக்கப்பின் மொத்த அளவில் கவனிக்கத்தக்க வித்தியாசமே இல்லை. வெப்பம் 60-ஐத் தாண்டவில்லை, ஃபேன் ஓடுவதே தெரியவில்லை.

ஆனால் நெட் அடியோடு படுத்துவிட்டது. தூசி இருந்தவரை வந்து போய்க்கொண்டிருந்த தடுமாற்றம், இப்போது பேக்கப் முடியும்வரை ஒரே சீராக 350 மில்லி விநாடி.

"இதுதான் வேணும்," என்றார் அக்கா. விட்டு விட்டு வரும் கோளாறைவிட நிலையான கோளாறைப் பிடிப்பது சுலபம். நடந்ததும் இப்போது புரிகிறது. என் அப்லோடு வேகம் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்), அதாவது விநாடிக்கு 12.5 மெகாபைட். சிபியு முழு வேகத்தில் இருந்தபோது அதைவிடச் சற்று அதிகமாகத் தரவு தயாரானது, லைன் நிரம்பியது. சூடேறி வேகம் குறைந்ததும் தயாராவது குறைந்தது, லைனில் இடம் கிடைத்தது. தூசிதான் இத்தனை நாளும் நெட்டைப் பாதி நேரம் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஜூன் 11

இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட். ஜிம் கெட்டிஸ் பரவலாகப் பேசவைத்த பிரச்சினை. என் ரௌட்டர், சேவை நிறுவனம் தந்த பெட்டிக்கு ஜிகாபிட் வேகத்தில் தள்ளுகிறது, பெட்டி வெளியே அனுப்புவது 100-இல். மிச்சம் பெட்டிக்குள் வரிசை கட்டுகிறது. தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபி பொதுவாக ஒரு பாக்கெட்டாவது தொலைந்தால்தான் வேகத்தைக் குறைக்கும். பெட்டியில் நினைவகம் தாராளமாக இருப்பதால் எதுவும் தொலைவதில்லை, வரிசை மட்டும் நீள்கிறது. வீடியோ காலின் சின்னப் பாக்கெட்டும் அந்த வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும்.

மருந்து, ரௌட்டரில் வேகத்தை லைனைவிடக் கொஞ்சம் குறைத்துவைப்பது. அப்போது வரிசை நம் கைக்குள் வந்துவிடும், அதை ஒழுங்காக நிர்வகிக்கலாம். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் பாக்கெட் காத்திருந்த நேரத்தைப் பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்காமல் 100 மில்லி விநாடி நீடித்தால் பாக்கெட்டைக் கைவிடத் தொடங்கும். அதன் வழி வந்த கேக் என்ற வரிசை நிர்வாக முறை 2018-இல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில், 4.19 பதிப்பில் சேர்ந்தது. என் ரௌட்டரில் இருக்கும் லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன் டபிள்யூஆர்டியில் அதை எஸ்க்யூஎம் என்ற பெயரில் நிறுவிக்கொள்ளலாம்.

அப்லோடுக்கு 92 என்று போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை! அக்காதான் சொன்னார்: "ஹார்டுவேர் ஆஃப்லோடு ஆன்ல இருக்கா பாரு." இருந்தது. அது இருந்தால் பாக்கெட்டுகள் கெர்னலின் வரிசையைத் தொடாமலே குறுக்கு வழியில் போய்விடும், கேக் சும்மா உட்கார்ந்திருக்கும். அணைத்தேன். பேக்கப் முழு வீச்சில் ஓடும்போதே பிங் 13.

டவுன்லோடுக்கும் இதே போல ஒரு வரம்பு வைத்தேன். அங்கே அனுப்புகிறவர் தொலைவில் இருப்பதால் பிடி கொஞ்சம் தளர்வுதான், நாம் பாக்கெட்டைக் கைவிட்டு அவர் வேகத்தைக் குறைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஜூன் 14

கடைசியாக ஒரு வேலை. நிறைய மதர்போர்டுகள் சிபியுவின் மின் வரம்பை 4096 வாட் என்று விட்டுவைக்கின்றன, வரம்பே இல்லை என்று அர்த்தம். என்னுடையதும் அப்படித்தான். 125 வாட்டுக்கு இறக்கினேன். மின்செலவு வோல்டேஜின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் ஏற்றபடி கூடுவதால் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் அதிகச் சூடு. அதை விட்டுக்கொடுத்ததில் ஒன்றும் குறையவில்லை.

தம்பி இன்று தன் கேபினட்டின் படத்தைப் போட்டான். ரேடியேட்டரைத் தரையோடு வைத்து, பம்ப் அதற்கு மேலே. சுற்றில் உள்ள காற்றுக் குமிழி எல்லாம் உயரமான இடத்துக்குத்தான் போகும், அதாவது பம்புக்கே. கடகடவென்று சத்தம் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை மூத்தவர் போய் ரேடியேட்டரை மேல்பக்கத்துக்கு மாற்றித் தருகிறார். பேஸ்ட்டும் அப்போது புதிதாகப் போட்டாக வேண்டும், ஆகவே பட்டாணிக் கட்சி ஏற்கெனவே களத்தில் இறங்கிவிட்டது.